வன்னியில் பகுத்தறிவுக் கூட்டம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் நீங்கள் நடத்தும் அறிவியல் விழிப்புணர்வுக் கூட்டங்கள் தேவையானவை. அற்புத ஆற்றலை நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963இல் சவால் விட்ட பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரும் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர்தான். ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றிச் சாத்திரம் (குறி) கேட்கப் போகும் தாயை உங்கள் மேடைகளில் அறியாமைக்கு உதாரணமாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தத் தாய் எடுத்தவுடன் சாத்திரியார் வீட்டுக்குப் போனவர் அல்லர். போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பின், பொலிஸ் நிலையம், மனித உரிமைகள் ஆணைக்குழு, ஜனாதிபதி ஆணைக்குழு, 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒவ்வொரு வாசலிலும் படமும் முறைப்பாடும் கொடுத்து, 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் போராட்டப் பந்தலிலும் அமர்ந்த பின்னரே, "இருக்கிறான், தெற்குப் பக்கம்" என்று சொல்லும் ஒருவரிடம் அவர் போய்ச் சேருகிறார். பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் மௌனமாக இருக்கும்வரை சாத்திரியாரின் சொல்லுக்குப் பெறுமதி இருக்கத்தான் செய்யும்.

கேள்வி கேட்கும் பழக்கமும் சூழலைப் பொறுத்தே வளர்கிறது. துவக்கு யார் கையில் இருந்தாலும் அவரிடம் "ஏன்" என்று கேட்காமல் இருந்ததே இங்கே பல குடும்பங்களைக் காப்பாற்றியது. அப்படி வளர்ந்தவர்களிடம், எதையும் ஐயுறுங்கள் என்று ஒரு மாலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டுப் போவது (அதுவும் வாகனம் இருட்டுமுன் ஏ9 வீதிக்குத் திரும்பவேண்டும் என்ற அவசரத்தோடு) எவ்வளவு பயன் தரும்?

வறுமையும் இதில் சேரும். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2013இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, கையில் காசில்லாத காலத்தில் அதே மனிதர்களின் சிந்தனைத் திறன் குறைந்திருந்ததாகக் கூறியது. அதன் முறையியல்மீது மறுப்புகளும் எழுந்தன என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் நுண்கடன் தவணை வசூலிப்பவர் வாரந்தோறும் முற்றத்தில் வந்து நிற்கும் வீட்டில், நாளையை நிதானமாக எடைபோட எவருக்கு மனம் ஓடும்?

உங்களால் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க வெட்டிய நிலத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டு, முல்லைத்தீவு நீதிமன்ற உத்தரவின்பேரில் அகழ்வு நடந்தது. எலும்பிலிருந்து வயதையும் பாலினத்தையும் எப்படி மதிப்பிடுகிறார்கள், மரபணு ஒப்பீட்டுக்கு உறவினரின் மாதிரி ஏன் வேண்டும், அந்த மாதிரியை யார், எந்தப் பாதுகாப்போடு வைத்திருக்கவேண்டும், எச்சங்கள் எந்த நிலையில் இருந்தால் அடையாளம் காண முடியாமலும் போகும் என்பவற்றை எளிய தமிழில் அந்தத் தாய்மாருக்கு விளக்க உங்களிடம் ஆசிரியர்களும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சாத்திரியாரிடம் கொண்டுபோகும் அதே கேள்விக்கு அறிவியல் பதில் தேடும் வழி இதுதான்.

அடுத்த கூட்டத்தை இதற்கென ஒதுக்குங்கள். பேச்சைச் சுருக்கி, கேள்விகளுக்கு அதிக நேரம் விடுங்கள். நீதிமன்றத்திடம் எதைக் கோரலாம் என்று சொல்ல ஒரு சட்டத்தரணியையும் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்ட வாசகர் ஒருவர்