மாப்பிள்ளையின் தலைக்கு மேலே இருப்பவள்

அன்புள்ள மீனுவுக்கு,

கம்போடியாவுக்குத் தேனிலவு போன இடத்திலிருந்து நீ அனுப்பிய நூற்றுப் பதினாறு படங்களையும் பார்த்துவிட்டேன். உன் அப்பா பதினைந்தாவது படத்திலேயே தூங்கிவிட்டார். போனில் பேசினால் 'சரிம்மா, சரிம்மா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சண்டை. விடியற்காலை நாலு மணிக்கு நீ எழுப்பினாய், மாப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அங்கோர் வாட் குளக்கரையில் காத்துக் கிடந்தால் மேகம் மூடிச் சூரியனே தெரியவில்லை. அது மேற்குப் பார்த்த கோயில், கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் எழும்புவதைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டம். மழைக்கால மேகத்துக்கு மாப்பிள்ளை என்ன செய்வார்? அப்புறம் அரை டிராயரோடு வந்தவரை உச்சி மண்டபத்துக்கு ஏற விடவில்லை என்று அவரிடம் கோபித்துக்கொண்டாயாம். முட்டியும் தோளும் மூடியிருக்க வேண்டும் என்று நான் உன்னிடம்தானே சொல்லி அனுப்பினேன்! கடையில் வாங்கிய அந்த யானை போட்ட பைஜாமாவில் அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.

கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பத்தை நாலு துண்டாகப் படம் எடுத்திருக்கிறாய். ஒரே சுவரில் ஐம்பது மீட்டர் வரும், ஒரு படத்தில் எப்படி அடங்கும். ஒரு பக்கம் 92 அசுரர்கள், இன்னொரு பக்கம் 88 தேவர்கள், நடுவில் பாவம் வாசுகி. அவர்களுக்கே அமுதத்துக்கு முன்னால் விஷம்தான் வந்தது. நீ கல்யாணமான ஒன்பதாம் நாள் ஒரு இழுபறிக்குப் போய் அழுகிறாய். சரி, அதை விடு.

நான் எழுத வந்தது வேறு. மத்தியானம் பந்தியாய் ஸ்ரீ போனீர்கள் அல்லவா, சிவப்புக் கல்லில் சின்னதாக ஒரு கோயில். அங்கே எடுத்த படங்களில் ஒன்றில் மாப்பிள்ளை கிழக்கு வாசலில் கைகட்டிச் சிரிக்கிறார். அவர் தலைக்கு மேலே முகப்பில் பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறார். இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிப் பார். ஆடுகிறவரின் காலடியில், ஓர் ஓரமாக, விலா எலும்பு தெரிய, மார்பு வற்றித் தொங்க ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவள் யார் தெரியுமா? நம் காரைக்கால் அம்மையார். ஆராய்ச்சி செய்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அவர்கள் சொல்லவே வேண்டியதில்லை. திருவாலங்காட்டில் பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்குள்ள சிவன் கோயிலின் ரத்தின சபையில் அவளைப் பார்த்து பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்தவள் நான்.

அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி, அவள் கதை உனக்குச் சொல்லியிருக்கிறேன். புருஷன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனியில் ஒன்றை அடியாருக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டாவது மாங்கனி ஏது என்று கேட்ட புருஷன், அவள் இறைவனிடம் கேட்டு வாங்கித் தந்த கனி கையில் விழுந்து மறைந்ததும் பயந்துபோனான். கப்பலேறிப் போனவன் பாண்டிய நாட்டில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண்ணுக்கு இவள் பெயரையே வைத்தான். கடைசியில் குடும்பத்தோடு வந்து இவள் காலில் விழுந்தான். இனி இந்த அழகு யாருக்கு என்று உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கியவள் இவள். தேனிலவுக்குப் போன பெண்ணிடம், புருஷன் விட்டுப்போன ஒருத்தியைத் தேடிப் பார் என்று சொல்கிற அம்மா ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!

ஆனால் யோசித்துப் பார். பந்தியாய் ஸ்ரீ கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 967-இல். தஞ்சைப் பெரிய கோயில் முடிந்ததே 1010-இல்தான். ராஜராஜன் பட்டத்துக்கு வருவதற்கு முன்பே அன்றைய கம்போடியாவான கெமர் நாட்டுச் சிற்பி ஒருவன் இவளைக் கல்லில் உட்கார வைத்துவிட்டான். கப்பலேறித் தப்பித்தவன் பாண்டிய நாட்டோடு நின்றுவிட்டான். இவள் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள் பார்.

மூன்று நாள் டிக்கெட், ஆளுக்கு 62 டாலர் என்றாயே. ஒரு நாள்தானே ஆகியிருக்கிறது. மரம் பிடித்த தா ப்ரோம் கோயிலும் பாயோன் கோயிலின் முகங்களும் எல்லார் படத்திலும் வரும், அதற்காக ஓடாதே. இன்னொரு தடவை பந்தியாய் ஸ்ரீ போ, காலையிலேயே போ. கிழக்கு வெயில் முகப்பில் விழும்போது அவளை மட்டும் பக்கத்தில் வைத்து எடு. மாப்பிள்ளை வரவில்லை என்றால் தூங்கட்டும், எழுப்பாதே.

போகிற வழியில் ப்ரியா டாக் கிராமத்தில் பனைவெல்லம் காய்ச்சி ஓலையில் கட்டி விற்பார்களாம். இரண்டு கட்டு வாங்கிக்கொள். பெட்டியில் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்துவிடாதே, எறும்பு வந்துவிடும்.

அம்மா