கொத்தமல்லிக் கட்டும் கல்ச்சர் ரிப்போர்ட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வருடம் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சல் இறங்கவே இல்லை. சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன, மூன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் நேரே ‘ஆர்’ என்று போட்டிருந்தது. அந்தக் கிருமி அந்த மருந்துக்கெல்லாம் கேட்காது என்று அர்த்தம். மிச்சமிருந்த மூன்றும் ஊசி, ஏழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். “நான் மாத்திரையே போடுறதில்லையே, எனக்கு எப்படி?” என்று அம்மா கேட்டார். தண்ணீரில் வந்திருக்கலாம், சாப்பாட்டில் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

சாப்பாடு என்றதும் மருந்து கொடுத்து வளர்க்கிற கோழியைத்தான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் சில வருடங்களுக்கு முன் சென்னையில் கோழி, மீன், ஆட்டிறைச்சியோடு காய்கறி, பழங்களையும் சேர்த்துச் சோதித்த ஆய்வில், கொலிஸ்டினுக்கே அடங்காத பாக்டீரியா கிடைத்தது. வேறு எதற்கும் கேட்காத நோயாளிக்கு ஐசியூவில் கடைசியாக எடுக்கும் மருந்து அது. கோழி, கால்நடைகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டது. சரி, காய்கறிக்கு எப்படி வருகிறது? சரியாக மக்காத கோழி எரு, சாக்கடை கலந்த பாசனத் தண்ணீர், அப்புறம் செடிக்கே நேராக அடிக்கும் மருந்து. காசநோய்க்குக் கொடுக்கிற அதே ஸ்ட்ரெப்டோமைசினைப் பயிருக்கும் தெளித்து வந்தார்கள், 2024 ஜனவரியிலிருந்து அதற்கு முழுத் தடை என்று 2021 டிசம்பரிலேயே வரைவு ஆணை வந்தது.

பச்சையாகத் தின்னும்போது அந்தக் கிருமி குடலில் போய் உட்கார்ந்துகொள்ளலாம், ஒரு தொந்தரவும் தராது, ஆனால் மருந்துக்கு அடங்காத அந்தக் குணத்தைப் பக்கத்தில் இருக்கும் மற்றக் கிருமிகளுக்கும் கொடுத்துவிடலாம், நமக்கு அது தெரிய வருவது உடம்புக்கு முடியாமல் படுத்த பிறகுதான்.

வேகவைத்தால் கிருமி செத்துவிடும். ஆனால் ரசத்தில் கடைசியாகத் தூவும் கொத்தமல்லியையும், வெள்ளரிப் பிஞ்சையும், பச்சைக் கேரட்டையும் யார் வேகவைக்கிறார்கள்? ஓடும் தண்ணீரில் நன்றாக அலசினால் குறையும், முழுக்கப் போகாது. எங்கள் தெருமுனையில் கீரை விற்கும் அம்மா காலையிலிருந்து ஒரே வாளித் தண்ணீரில்தான் எல்லாக் கட்டையும் முக்கி எடுக்கிறார், பத்து மணிக்கெல்லாம் அந்தத் தண்ணீர் பச்சையும் மண்ணுமாகக் கலங்கிக் கிடக்கும். அவரைக் குறை சொல்லவில்லை, பக்கத்தில் ஒரு குழாய்கூடக் கிடையாது.

‘நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள்’ என்று வீட்டுப் பெண்களுக்குப் புத்தி சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். உழவர் சந்தைகளிலும் மார்க்கெட்டுகளிலும் பச்சையாகச் சாப்பிடும் காய்கறிகளை எடுத்துச் சோதித்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்று அரசு மாதாமாதம் வெளியிடட்டும், நீங்கள் அதைத் தங்கம் விலை போடுகிற பக்கத்திலேயே போடுங்கள். கீரை விற்பவர்களுக்கு முதலில் ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குரோம்பேட்டை