செயலாளரின் ஆண்டறிக்கை: ஒற்றைக் கலக் கார்களில் ரிசீவருக்கும் சேர்வோவுக்கும் மின் கொடுத்தல்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒக்ரோபர் தொடக்கம் மார்ச் இறுதிவரையான குளிர்காலப் பருவத்தில், ஸ்காபரோவில் நாம் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில், வானொலியால் இயக்கும் நம் சிறு மாதிரிக் கார்களின் திட்டமிட்ட ஓட்டங்கள் அனைத்தும் நடந்து முடிந்தன. பனி கொட்டிய ஞாயிறுகளிலும் காலை ஆறு மணிக்கே வந்து கம்பளம் விரித்து, இரவு அதைச் சுருட்டி வைத்துவிட்டுப் போன இளைஞர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். செயற்குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை இந்த ஆண்டு ஒரேயொரு விடயமே எடுத்துக்கொண்டதால், அறிக்கையின் எஞ்சிய பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்: 1/12 அளவுக் கார்கள் ஓட்டத்தின் நடுவே ஸ்டியரிங் இழந்து தடுப்புப் பலகையில் மோதியது ஏன், அதற்கு நாம் என்ன செய்தோம் என்பதே அது.

ஜனவரியில் நடந்த ஓர் இறுதி ஓட்டத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். முன்னணியில் வந்த கார் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய்ப் பலகையில் ஏறியது. கவிழ்ந்த கார்களைத் தூக்கிவிட நின்ற பையன் ஒருவன் துள்ளி விலகியதால் அவனுடைய கால் தப்பியது. கவிழ்ந்து கிடந்த காரின் முன்சக்கரங்கள் சில நொடிகளில், ஒன்றுமே நடக்காததுபோல, கட்டளைக்கு ஏற்ப இடமும் வலமும் ஆடின. உரிமையாளர், கையில் பிடித்துக் காருக்குக் கட்டளை அனுப்பும் ட்ரான்ஸ்மிற்றரைக் குறை சொன்னார். அடுத்த வாரம் இரவல் ட்ரான்ஸ்மிற்றரோடு வந்தார். அதே மூலையில் அதே கூத்து நடந்தது. பேய் பிடித்த கார் என்று சிறுவர்கள் பெயரும் வைத்துவிட்டார்கள். பருவம் முழுவதும் இவ்வாறு முறையிடப்பட்டவற்றைச் செயற்குழு ஒவ்வொன்றாகப் பரிசோதித்ததில், வானொலிக் கோளாறு என்று எழுதித் தரப்பட்டவற்றில் பெரும்பாலானவை மின் வழங்கற் கோளாறுகளே என்பது தெளிவாயிற்று.

இதன் வேர் பற்றரி மாறிய வரலாற்றில் இருக்கிறது. இந்த வகைக் கார்கள் ஒரு காலத்தில் ஆறு நிக்கல் பற்றரிக் கலங்களில், அதாவது 7.2 வோல்ற்றில் ஓடின; பின்னர் நான்கு கலங்களாகக் குறைந்து 4.8 வோல்ற் ஆயிற்று. லைப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி வந்த பின்பு ஒரேயொரு கலமே போதும் என்றாயிற்று. அந்தக் கலம் முழுதாக ஏற்றியபோது 4.2 வோல்ற்றிலும், பெயரளவில் 3.7 வோல்ற்றிலும் நிற்பது. முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டர்களான சாதாரண சேர்வோக்களோ 4.8 முதல் 6 வோல்ற் வரை கிடைக்கும் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. பெரிய கார்களில், மோட்டருக்குப் போகும் மின்னை அளந்துவிடும் வேகக் கட்டுப்படுத்திக்குள் இருக்கும் மின் வழங்கி, கூடிய வோல்ற்றைக் குறைத்து, ட்ரான்ஸ்மிற்றரின் கட்டளையை வாங்கும் ரிசீவருக்கும் அதன் வழியே சேர்வோவுக்கும் கொடுக்கும். ஒற்றைக் கலத்தில் குறைப்பதற்கு எதுவும் இல்லை, கூட்டத்தான் வேண்டும்.

கலத்தில் 3.7 வோல்ற் இருந்தாலும் ரிசீவருக்கு 3.7 கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. மோட்டர் வேகமெடுக்கும் கணத்தில் 60 அம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பற்றரியின் உட்தடை, வயர், ஈயம் வைத்த இடங்கள், தளர்ந்த செருகி எல்லாம் சேர்ந்து 10 மில்லி ஓம் தடை இருந்தால், 0.6 வோல்ற் அங்கேயே போய்விடும். ஓட்டத்தின் கடைசி நிமிடங்களில் 3.6 வோல்ற்றில் நிற்கும் கலம், அந்தக் கணத்தில் கட்டுப்படுத்தியின் வாயிலில் 3.0 வோல்ற்றாகவே தென்படும். எட்டு நிமிட ஓட்டத்தில் கோளாறு ஏழாம் நிமிடத்தில் தலைகாட்டியதற்கும், ஓட்டுநர் திருப்பத்துக்குள் சேர்வோவை முழுதாகத் திருப்பிக்கொண்டே வேக விசையையும் அழுத்திய இடத்திலேயே அது நிகழ்ந்ததற்கும் காரணம் இதுதான்.

பழைய 27 மெகாஹேர்ட்ஸ் ரிசீவர்கள் இப்படி ஒரு கணம் மின் குறைந்தால் சற்றுத் துடித்துவிட்டு உடனே மீளும். இன்றைய 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிசீவர் ஒரு சிறு கணினி. மின்னழுத்தம் அதன் எல்லைக்குக் கீழே ஒரு கணம் இறங்கினாலும் அது அணைந்து, மறுபடி தொடங்கி, தன் ட்ரான்ஸ்மிற்றரைத் தேடிப் பிடிக்கவேண்டும். அதற்கு ஒரு நொடி எடுத்தாலே போதும், கார் பலகையில் ஏறிவிடும்.

இதற்கு வழிகள் இரண்டு. முதலாவது பூஸ்டர். சிறு சுருள் ஒன்றை நொடிக்குப் பல்லாயிரம் தடவை இணைத்துத் துண்டித்து, அதில் சேரும் சக்தியைப் பற்றரியின் அழுத்தத்துக்கு மேல் ஏற்றி, 5 அல்லது 6 வோல்ற்றாகத் தருவது அதன் வேலை. சில ஒற்றைக் கலக் கட்டுப்படுத்திகளில் இது உள்ளேயே இருக்கிறது. ஆனால் இல்லாததை அது உண்டாக்குவதில்லை: சேர்வோ 6 வோல்ற்றில் 2 அம்பியர் இழுத்தால் அது 12 வாற்று, பூஸ்டரின் திறன் 85 விழுக்காடு, கலத்தில் 3.2 வோல்ற் என்றால், உள்ளே இழுக்கப்படுவது 4.4 அம்பியர். மலிவான பூஸ்டர்களில் 3 அம்பியர் என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உள்வாங்கும் பக்கத்து எல்லையே. அதே கணக்கில் வெளியே வருவது 1.4 அம்பியருக்கும் சற்றுக் குறைவு. ஜனவரிக் காரில் இருந்தது அப்படிப்பட்ட ஒன்றுதான். போதாக்குறைக்கு அதன் வயர்கள் கட்டுப்படுத்தியின் முனையில் ஈயம் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கழற்றிப் பற்றரிச் செருகியின் அடியிலேயே நேராக வைத்து, பூஸ்டரையும் பெரிதாக மாற்றிய பிறகு அந்தக் கார் பருவ முடிவுவரை ஒரு தடவையும் தடுமாறவில்லை.

பூஸ்டர் பற்றரியைத் தின்றுவிடும், மோட்டருக்கு ஒன்றும் மிஞ்சாது என்ற பயம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. இதற்கும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேர்வோ பூஸ்டரின் 6 வோல்ற்றில் சராசரியாக 0.4 அம்பியர் இழுத்தாலும், எட்டு நிமிடத்தில் கலத்திலிருந்து போவது ஏறக்குறைய 100 மில்லி அம்பியர் மணி. நாம் பாவிக்கும் கலங்களின் கொள்ளளவு 6000 மில்லி அம்பியர் மணி அல்லது அதற்கு மேல். இந்தச் செலவுக்கு அஞ்சிப் பூஸ்டரைத் தவிர்ப்பவர், ஒரு மூலையில் பலகையைத் தொட்டு இழக்கும் நேரத்தை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது வழி, ரிசீவருக்கென்றே தனியாக ஒரு சிறு பற்றரி வைப்பது. பிரதான கலம் எவ்வளவு சரிந்தாலும் ஸ்டியரிங் தடுமாறாது என்பது இதன் பெரும்பலம். மேலதிக எடை சில கிராம். அதை எங்கே வைப்பது என்பதே வல்லவர்களுக்குத் தலையிடி. இரட்டைக் கல லைப்போ முழுதாக ஏற்றினால் 8.4 வோல்ற் வரும். உயரழுத்தச் சேர்வோவும் அதைத் தாங்கும் ரிசீவரும் இல்லாதவர்கள் அதை நேராகச் செருகி சேர்வோவைப் புகைக்க விடக்கூடாது. லித்தியம் இரும்புப் பொஸ்பேற் வகை இரட்டைக் கலம் பெயரளவில் 6.6 வோல்ற்றில் நிற்பதால் ஓரளவு பாதுகாப்பானது, ஆயினும் சேர்வோவின் விபரத் தாளைப் பார்த்த பின்பே அதையும் செருகவேண்டும். இந்த முறையின் பலவீனம் மனிதரின் மறதி. பெப்ரவரியில் சிறு பற்றரியை ஏற்ற மறந்து, வரிசையில் வைத்த காரைத் தொடக்கச் சைகைக்கு முன்பே கையில் தூக்கிக்கொண்டு வெளியேறியவர் உங்கள் செயலாளர்தான் என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

தனிப் பற்றரி வைப்பவர்கள் சிவப்பு வயரைப் பற்றி ஒரு விடயத்தைத் தெளிவாக அறியவேண்டும், ஏனெனில் இதில்தான் ஆளுக்கொரு கதை சொன்னோம். கட்டுப்படுத்திக்குள் பூஸ்டர் இருந்தால், அதிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று வயர்களில் நடுவிலுள்ள சிவப்பைச் செருகியிலிருந்து கழற்றி, நுனியைச் சுற்றி மூடிவிடவேண்டும். இல்லாவிட்டால் இரு மின் வழங்கிகள் ஒன்றோடொன்று மோதும். கட்டுப்படுத்திக்குள் பூஸ்டர் இல்லாவிட்டால் நிலைமை நேர்மாறு. அந்தக் கட்டுப்படுத்தி தன் மூளைக்கும், மோட்டருக்கு மின்னைத் திறந்துவிடும் ட்ரான்சிஸ்டர்களுக்கும் வேண்டிய அழுத்தத்தை அந்தச் சிவப்பு வயர் வழியாகவே பெறுகிறது. அதைக் கழற்றினால் அது விழிக்கவே மாட்டாது. குறைந்த அழுத்தத்தில் விழித்தாலும் ட்ரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறவாமல் சூடேறிக் கருகும்.

சிலர் ரிசீவரின் வெற்றுத் துளையில் மின்னைத் தேக்கி வைக்கும் 4700 மைக்ரோ பரட் கொள்ளளவி ஒன்றைச் செருகிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணுகிறார்கள். அதிலிருந்து 2 அம்பியரை 5 மில்லி நொடிக்கு இழுத்தால் அதன் அழுத்தம் 2.1 வோல்ற் இறங்கிவிடும். சேர்வோ திடீரென உதைக்கும் அந்தச் சில மில்லி நொடிகளை அது மூடிக்கொடுக்கும். போதாத பூஸ்டருக்கு அது மாற்று ஆகாது. நேர், மறை மாறிச் செருகினால் வெடிக்கும் என்பதையும் புதியவர்களுக்குச் சொல்லி வைப்போம்.

மின் வழங்கலோடு சேராத கோளாறு ஒன்றும் இருந்தது. கடுங்குளிர் நாட்களில் மண்டபத்துக் காற்று எலும்புபோல் வறண்டிருக்கும்; கம்பளத்தில் நுரைச் சக்கரம் உரசி மின்னேற்றம் சேர்ந்து, தூக்கிய கையில் சுள்ளென்று அடிப்பதை எல்லோரும் அறிவோம். அது ரிசீவருக்குள் பாய்ந்தாலும் கார் துடிக்கும். அன்ரனா வயரைக் காபன் தட்டில் படுக்க விடாமல் குழாய்க்குள் நிமிர்த்தி வைத்ததும், மண்டப உரிமையாளரின் இசைவோடு ஈரப்பதமூட்டி ஒன்றை ஓடவிட்டதும் நல்ல பலன் தந்தன.

வருகிற பருவத்துக்காகச் செயற்குழு இரண்டு விதிகளைப் பரிந்துரைக்கிறது. ஓட்டத்துக்கு முந்திய பரிசோதனையில், சக்கரங்களை மேசையில் இறுக்கி அழுத்தியபடி ஸ்டியரிங்கை இரு பக்கமும் வேகமாக ஆட்டும்போது ரிசீவரின் விளக்கு அணைந்தால், அந்தக் கார் அன்று ஓடாது. தனிப் பற்றரி உள்ள காரின் கட்டுப்படுத்தியில், சிவப்பு வயர் கழற்றப்பட்டதா இணைந்ததா என்பதைக் காட்டும் ஒட்டுச் சீட்டு இருக்கவேண்டும். பூஸ்டரையோ தனிப் பற்றரியையோ கட்டாயமாக்கவேண்டும் என்று சிலர் கேட்டார்கள். இரண்டும் ஒழுங்காகப் பொருத்தினால் ஒழுங்காக வேலை செய்வதால் அதற்குச் செயற்குழு உடன்படவில்லை.

இவ்வறிக்கையையும் இவ்விரு விதிகளையும் பொதுக்கூட்டம் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்