9 பவுண் சிம்மும் இரண்டு ஏப்ரல்களும்: ஒஃப்கொம் அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஒஃப்கொம் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பிரித்தானியாவில் போன் கம்பனிகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பு நீங்கள், அதனால் ஒப்பந்தத்தின் நடுவில் போன் கட்டணம் கூடுவதைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தின் ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியாக வரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. லண்டனில் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் போன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பிறகு பக்கத்து வீட்டில் வந்து கேட்கிற எங்கள் ஆட்களும் இதை வாசிக்கட்டும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் நான். கடிதம் வாசித்துச் சொல்வது, பாரம் நிரப்பிக் கொடுப்பது, கம்பனிக்குப் போன் எடுத்து வரிசையில் காத்திருப்பது என்று என் சனிக்கிழமைகள் போய்க்கொண்டிருக்கின்றன.

எதிர்வீட்டு மாமிக்கு 74 வயது. 2024 இலையுதிர் காலத்தில் கடைத்தெருவில் ஒரு போன் கடையில் சிம் மட்டும் எடுத்தார். மாதம் 9 பவுண், 24 மாதம். கடைப் பெடியன் டப்லெட்டைத் திருப்பி நீட்டி, பக்கங்களை விரலால் மேலே மேலே தள்ளி, கடைசியில் வந்த பெட்டியைக் காட்டி, "இதில சைன் வையுங்கோ அன்ரி" என்றானாம். மாமி வைத்தார். வீட்டுக்கு வந்து, குசினிச் சுவரில் தொங்கும் தமிழ்க் கடைக் கலண்டரில் "போன் 9" என்று எழுதினார். பென்ஷனில் வாழ்கிறவர், மாதம் போகிற காசு எல்லாம் அந்தக் கலண்டரில்தான் இருக்கும்.

ஏப்ரல் 2025 கட்டத்தில் "போன் 10.80" என்று எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அதைக் காட்டித்தான் என்னைக் கூப்பிட்டார்.

கம்பனிக்குப் போன் எடுத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பிள்ளை மரியாதையாகச் சொன்னது: ஏப்ரல்தோறும் 1.80 கூடும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, மாமி சம்மதித்திருக்கிறார், விலக வேண்டுமென்றால் மிச்ச மாதங்களுக்கான காசைக் கட்டிவிட்டு விலகலாம். சரி, முன்கூட்டி அறிவித்தீர்களா என்று கேட்டேன். மெசேஜ் அனுப்பினோம் என்றது. மாமியிடம் கேட்டால், "அது களவு மெசேஜ் எண்டு அழிச்சிட்டன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. தெரியாத லிங்கை அமத்தாதீர்கள் என்று வங்கி சொல்கிறது, பொலிஸ் சொல்கிறது, மகள் ஒவ்வொரு கிழமையும் சொல்கிறாள். கம்பனி அனுப்பிய அறிவித்தலும் ஒரு லிங்க்தான்.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன்.

2014 ஜனவரியில் நீங்கள் நல்ல காரியம் ஒன்று செய்தீர்கள். ஒப்பந்தத்தின் நடுவில், ஒப்புக்கொண்ட மாதக் கட்டணத்தைக் கம்பனி கூட்டினால், வாடிக்கையாளர் 30 நாளுக்குள் அபராதம் இல்லாமல் விலகலாம் என்றீர்கள். கம்பனிகள் அதற்குச் சுலபமான வழி கண்டுபிடித்தன. கூட்டப்போகிறோம் என்பதை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், ஒப்புக்கொண்ட விலைக்குள்ளேயே அதுவும் அடங்கிவிடும். அப்புறம் விலகும் உரிமை எங்கே இருந்து வரும்? பணவீக்கத்தோடு இன்னும் 3.9 வீதம் சேர்த்துக் கூட்டுவோம் என்று எழுதினார்கள். 2023 வசந்தத்தில் அது 14.4 வீதமாக வந்து விழுந்தது. பணவீக்கத்தை அளக்க வேறு சுட்டெண்ணைப் பிடித்துக்கொண்ட ஓ2 கம்பனி 17.3 வீதம் கூட்டியது. அத்தனையும் ஒப்பந்தப்படி, அதனால் யாருக்கும் கதவு திறக்கவில்லை.

இதைப் பார்த்துத்தான் 2024 ஜூலையில் தீர்மானம் எடுத்தீர்கள். 2025 ஜனவரி 17 முதல் எடுக்கும் ஒப்பந்தங்களில் பணவீக்கம், வீதம் என்ற பேச்சே கூடாது, எவ்வளவு கூடும், எப்போது கூடும் என்று பவுண், பென்ஸ் கணக்கில் எழுத வேண்டும். பெரிய கம்பனிகள் அந்தத் திகதிக்கு முதலே மாறிக்கொண்டன, மாமியின் ஒப்பந்தமும் அந்த மாதிரித்தான். விலை தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற உங்கள் நோக்கத்தில் எனக்குப் பிழை தெரியவில்லை. அடுத்த வருடப் பணவீக்கம் என்னவென்று இங்கிலாந்து வங்கிக்கே தெரியாது, மாமிக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ஒரு சனிக்கிழமை தேத்தண்ணியோடு உட்கார்ந்து மாமியின் கலண்டருக்குப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லோரும் திட்டிய 2023இல் மாமி இதே 9 பவுண் சிம்மை வைத்திருந்தால் 14.4 வீதப்படி கூடியிருப்பது 1.30. அந்தப் பயங்கரமான 17.3 வீதம் என்றாலும் 1.56. உங்கள் புதிய விதியின் முறைப்படி, பணவீக்கம் அதில் பாதிகூட இல்லாத வருடத்தில் கூடியது 1.80. அதாவது 20 வீதம். 2026 ஏப்ரலில் இன்னொரு 1.80 சேர்ந்து 12.60 ஆகும். 24 மாத ஒப்பந்தத்தில் எப்படியும் இரண்டு ஏப்ரல் வரும். 9 பவுணுக்கு எடுத்தது 40 வீதம் ஏறித்தான் முடியும்.

அதே 1.80, மாதம் 45 பவுண் கட்டுகிறவருக்கு 4 வீதம். அவர் கவனிக்கவே மாட்டார். மாதம் 12.50க்குக் குறைவாகக் கட்டும் எல்லோருக்கும் இந்த 1.80, 2023இன் 14.4 வீதத்தை விட மோசம். அந்தச் சின்ன சிம்மை யார் எடுக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஊரில் சீட்டுப் பிடித்தவர்களுக்கு ஒன்று தெரியும். சீட்டுக்காரி கட்டுக்காசை நடுவில் கூட்ட மாட்டாள். கூட்டினால் அடுத்த சீட்டுக்கு ஆள் வராது என்ற பயம். இங்கே மாமி 24 மாதத்துக்குக் கட்டுண்டு கிடக்கிறார், கம்பனிக்கு அந்தப் பயம் இல்லை.

சரி, எழுதிய தொகையோடாவது நின்றார்களா? 2025 ஒக்டோபரில், 1.80 என்று எழுதியிருந்த வாடிக்கையாளர்களுக்கும் 2026 ஏப்ரலில் 2.50 கூடும் என்று ஓ2 அறிவித்தது. எங்கள் விதியின் நோக்கத்துக்கு இது எதிரானது என்று நீங்கள் சொன்னீர்கள். ஆனாலும் விதி உடையவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியதை விடக் கூட்டியபடியால் 30 நாளுக்குள் விலகலாம் என்ற உரிமை அங்கே இருந்தது, அதையும் கொடுத்தார்கள். ஆனால் சிம்மோடு போனையும் தவணையில் எடுத்தவர் விலகினால், போனின் மிச்சக் காசு முழுவதையும் ஒரேயடியாக வைக்க வேண்டும். 400 பவுண் கையில் இருப்பவர் தவணைக்கு ஏன் போகிறார்?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும், நடுவில் விலை கூடினால் 30 நாள் விலகும் உரிமை இருக்க வேண்டும். அப்படி விலகுகிறவர் போனின் தவணையைப் பழையபடி மாதம் மாதம் கட்டிக்கொண்டு போக முடிய வேண்டும். வலையமைப்பைக் கட்டிப் பராமரிக்கச் செலவு கூடுகிறது என்று கம்பனிகள் சொல்லும், கூடட்டும். 24 மாதத்துக்கும் எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்த்து முதல் நாளே ஒரே விலையாகச் சொல்லட்டும். மாமி 10.80 என்று முதலிலேயே கேட்டிருந்தால், பக்கத்துக் கடையிலும் விசாரித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். கத்தரிக்காய்க்கே நாலு கடை ஏறி இறங்குகிறவர்.

விலகும் வழியை நீங்கள் முன்னரே சுலபமாக்கிவிட்டீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2019 ஜூலையிலிருந்து 65075க்கு PAC என்ற மூன்று ஆங்கில எழுத்தை மெசேஜ் போட்டால், அதே நம்பரோடு வேறு கம்பனிக்குப் போவதற்கான குறியீடு வந்துவிடும். விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதும் அதிலேயே வரும். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது, வாசிக்கிறவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாமிக்காக நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் குறியீடு வந்தது, கூடவே கட்ட வேண்டிய தொகையும் வந்தது. தொகையைப் பார்த்துவிட்டு மாமி போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

இப்போது கலண்டர் புதிது. ஏப்ரல் கட்டத்தில் "போன் 12.60" என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், கேள்விக்குறி போடவில்லை. ஒப்பந்தம் முடிகிற மாதத்தை மாமி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

பதில் எழுதுவதாக இருந்தால் தயவுசெய்து தாளில் அச்சடித்துத் தபாலில் அனுப்புங்கள். லிங்க் அனுப்ப வேண்டாம், மாமி அழித்துவிடுவார்.

இப்படிக்கு,
ஹரோவிலிருந்து ஒரு பக்கத்து வீட்டுக்காரன்