9.8 வராத மாணவனின் ஏடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்கள் கேள்வி கேட்பதில்லை, சொந்தமாகச் சிந்திப்பதில்லை என்று ஆசிரியர்கள் குறைபட்டுக்கொள்வது வழக்கம். நெடுங்காலம் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அந்தக் குறையில் பெரும்பங்கு எங்களுடையதே என்பதை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டும் தனி ஊசல் சோதனையில், ஊசலின் நீளத்தையும், அது ஒருமுறை போய்வர ஆகும் அலைவு நேரத்தையும் அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 9.8-ஐ ஒட்டி வர வேண்டும் என்பதும், வராவிட்டால் மதிப்பெண் குறையும் என்பதும் ஆய்வகத்துக்குள் நுழையும் முன்பே மாணவர்களுக்குத் தெரியும். ஆகவே அவர்கள் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அதற்கு இசைவான அளவீடுகளை அட்டவணையில் நிரப்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ரெக்கார்டு நோட்டுகளில் ஆண்டுதோறும் நானும் கையொப்பமிட்டிருக்கிறேன்.

உள்ளபடி 8.9 என்று எழுதி வந்த மாணவனிடம்தான் பேசுவதற்கு விஷயம் இருந்தது. 20 அலைவுகள் என்று அவன் எண்ணியது உண்மையில் 21 ஆக இருந்திருந்தால், அந்த ஒரு பிசகே 9.8-ஐ 8.9 ஆக்கிவிடும். நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் நூலோடு நிறுத்தியிருந்தாலும் விடை குறையும். ஊசலை அதிகக் கோணத்துக்கு இழுத்து விட்டிருந்தால், நாங்கள் கற்பித்த எளிய சூத்திரமே சரியாகப் பொருந்தாது. இவற்றுள் எது காரணம், அதை எப்படிச் சோதித்துத் தெரிந்துகொள்வாய் என்று கேட்பதற்குப் பதிலாக, "மறுபடி செய்" என்று அனுப்பிவிட்டேன். அவனும் அடுத்த நாள் 9.8-உடன் வந்து நின்றான்.

1963-இல், இன்றைய தான்சானியாவில், எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவர், சூடாகவே உறைபெட்டியில் வைத்த தம்முடைய ஐஸ்கிரீம் கலவை, சக மாணவர் ஒருவர் காய்ச்சாமலே வைத்த கலவையைவிட முன்னதாக உறைந்ததைக் கவனித்துக் காரணம் கேட்டார். நீ குழம்பியிருக்கிறாய் என்றார் ஆசிரியர். பின்னர் வேறொரு பள்ளியில் அதே கேள்வி கேலிக்குள்ளானது. அங்கு உரையாற்ற வந்த பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்ன் மட்டும், தமக்கும் ஐயம் இருந்தபோதிலும், சோதித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி, சொன்னபடியே செய்தார். 1969-இல் இருவர் பெயரிலும் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. அந்த விளைவு உண்மையில் நிகழ்கிறதா, நிகழ்ந்தால் ஏன் என்பது குறித்து அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு இன்னும் ஓயவில்லை. பாடநூலைக் காட்டி முடித்துவைக்கக்கூடிய கேள்வி அதுவன்று என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கேள்விகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் யார் எதைச் சொன்னாலும் சரி என்றாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை. எப்படித் தெரியும், எதைக் கொண்டு சொல்கிறாய் என்று விடாமல் கேட்கும் வகுப்பில் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்புவதுதான் கடினம். பாடங்களை முடிக்க நேரம் போதாது என்ற கவலையோ நியாயமானது. அதனால்தான் பாடத்திட்டத்தையே மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை.

செய்முறைத் தேர்வில் இறுதி விடைக்கு ஒதுக்கும் மதிப்பெண்ணில் பாதியை, அளந்ததை அளந்தபடி எழுதியதற்கும், பிழை எங்கிருந்து வந்திருக்கலாம் என்று விளக்கியதற்கும் மாற்றித் தர வேண்டும். இதற்குப் புதிய கருவியோ கூடுதல் நேரமோ தேவையில்லை. தேர்வுக்குப் பொறுப்பானவர்கள் முதலில் இந்த ஒரு சோதனையிலாவது இதை நடைமுறைப்படுத்திப் பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்