வீட்டுக்குத்தான் என்ற பிறகும் எதற்கு இத்தனை உறை?

டோக்கியோவிலுள்ள தங்கள் பல்பொருள் அங்காடியின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

ஜூன் மாதத்து மழை மாலையொன்றில், தங்கள் கடையின் நிலவறைத் தள உணவுப் பிரிவில் ஒரு பிஸ்கட் டப்பா வாங்கினேன். வீட்டுக்கா, பரிசளிக்கவா என்று விற்பனைப் பெண் கேட்டார். வீட்டுக்குத்தான் என்று சொல்லித் துணிப்பையையும் நீட்டினேன். அவரோ பணிவாகத் தலை தாழ்த்திவிட்டு, டப்பாவைத் தாளில் சுற்றி, காகிதப் பையில் இட்டு, மழை பெய்கிறதே என்று அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையையும் போர்த்திக் கொடுத்தார். பிஸ்கட் நனையாமல் வீடு வந்து சேர்ந்தது, நனைந்தவன் நான்தான்.

அந்தப் பெண்மீது எனக்கு வருத்தமில்லை. பெட்டியைத் தாளின் குறுக்கே சாய்த்து வைத்து, புரட்டிப் புரட்டி, ஒரே ஒரு ஒட்டுநாடாவில் முடித்துவிடும் அந்தக் கைத்திறனை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. கோடையில் அனுப்பும் ஒச்சூகென், ஆண்டிறுதியில் அனுப்பும் ஒசெய்போ அன்பளிப்புகளுக்கு அந்தக் கட்டு அவசியம்தான். அது பெறுபவருக்குச் செய்யும் மரியாதை. என் கோரிக்கை ஒன்றே: வீட்டுக்கு என்று சொன்னவருக்கு உறையிடாதீர்கள்.

டப்பாவைத் திறந்தால் குமிழித்தாள், அதன்கீழ் பிளாஸ்டிக் தட்டு, தட்டில் ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் தனித்தனிப் பொட்டலம், ஈரமுறிஞ்சிப் பொட்டலம் வேறு. எங்கள் பகுதியில் பிளாஸ்டிக் உறைகளை வாரத்தில் ஒரு நாள்தான் எடுக்கிறார்கள். தாளுக்கும் தகரத்துக்கும் எரிக்கும் குப்பைக்கும் வேறு வேறு நாட்கள். அதுவரை எல்லாவற்றையும் பிரித்து, தட்டைக் கழுவிக் காயவைத்து, ஓர் அறை மட்டுமே உள்ள வீட்டின் மூலையில் அடைகாக்க வேண்டும். பிஸ்கட் ஒரே மாலையில் தீர்ந்துவிட்டது. அதன் உடுப்புகளை வழியனுப்ப ஒரு வாரம் பிடித்தது.

2020 ஜூலை 1 முதல் கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்குகிறார்கள். சுற்றுச்சூழலுக்காக என்றார்கள், நாங்களும் துணிப்பைக்குப் பழகிக்கொண்டோம். ஆனால் அந்தக் கட்டாயம் கைப்பிடி உள்ள பைகளுக்கு மட்டுமே. மழை உறைக்குக் கைப்பிடி இல்லை; ஆகவே அதனால் பூமிக்குக் கேடில்லை போலும்! தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், பிளாஸ்டிக் உறைக் கழிவில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம் ஜப்பானுக்கு என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. அந்தப் பெருமையில் என் பிஸ்கட் டப்பாவுக்கும் பங்கிருப்பதை எண்ணினால் கூச்சமாக இருக்கிறது.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேனென்றால் பொறுத்தருளுங்கள். உறையைக் குறைத்தால் வாடிக்கையாளர் குறை சொல்வாரோ என்று அஞ்சும் ஊழியர், தாமாகவே அதைக் கைவிட மாட்டார். நிர்வாகம்தான் அவருக்கு அந்த அனுமதியைத் தர வேண்டும். வீட்டுக்கு என்ற பதில் வந்தால் தாள், பை, மழை உறை மூன்றையும் தவிர்த்து, பொருளை அப்படியே வாடிக்கையாளரின் பையில் வைக்கலாம் என்று விற்பனைப் பிரிவினருக்கு எழுத்துமூலம் அறிவுறுத்தும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளரான ஒரு தமிழர்