ஆமா போடுகிறவன்

மக்களே,

நேற்று போனில் நீ சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. ஆறு வருஷம் மேடையில் நின்று என்ன கண்டேன், 27 வயதாகிவிட்டது, இப்போதும் வெறும் ஆமா போடுகிற வேஷம்தான், சினிமாக்காரன் எவனும் கூப்பிடவில்லை என்றாய். நான் சரி சரி என்று வைத்துவிட்டேன். போனில் எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியுமே.

காலையில் மணிமேடைப் பக்கம் போனவன் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிலையைப் பார்த்ததும் மனக்கணக்குப் போட்டேன். நம்ம ஒழுகினசேரியில் 1908 நவம்பரில் பிறந்தவர். அவர் நடித்த 'சதி லீலாவதி' படம் வந்தது 1936இல். ஏறக்குறைய உன் வயசுதான்.

அதற்கு முன்னால் என்ன பாடு! நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. டென்னிஸ் கோர்ட்டில் பந்து பொறுக்கினார், சாயங்காலம் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். தட்டோடு நின்ற பையனுக்கு, சனம் எங்கே சிரிக்கும், எங்கே சலித்துப்போய் முறுக்குக்காரனைக் கூப்பிடும் என்பது தெரியாமலா இருந்திருக்கும்? இது என் ஊகம்தான். அப்புறம் வில்லுப்பாட்டு, டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் கம்பெனி. அந்தக் கம்பெனியின் 'மேனகா' நாடகம் 1935இல் படமானபோது அதிலும் இருந்தார். பிறகு படங்களில் தானும் மனைவி மதுரமும் வரும் சிரிப்புப் பகுதியைத் தாமே தனியாக யோசித்து அமைத்துக்கொண்டார். அந்தத் துணிச்சல் ஸ்டுடியோவில் வந்திருக்காது, கொட்டகையில் வந்தது. 1944 கடைசியில் கொலை வழக்கில் பிடித்துப் போனார்கள், 1947இல்தான் விட்டார்கள். திரும்பி வந்தவரைப் பார்த்தும் சனம் சிரித்தது. அவ்வளவு பேர் எடுத்தவர் காந்தி கதையை வில்லில்தான் பாடினார். வில்லுப்பாட்டில் குடம் அடித்தவன் நான், இதைச் சொல்லாமல் இருப்பேனா!

ஆமா போடுவதைக் கேவலமாகச் சொன்னாயே, அதுதான் உறுத்துகிறது. கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு நடக்கும்போது ராத்திரி இரண்டு மணிக்குப் பாதி சனம் துண்டை விரித்துப் படுத்துவிடும். வில்லடித்துப் பாடுகிற அண்ணாவி ஒரு அடி பாடி நிறுத்துவார். பக்கத்துக்காரன் போடுகிற "ஆமா"வில் உயிர் இருந்தால்தான் அடுத்த அடி எழும்பும். இல்லையென்றால் சுடலைமாடனே தூங்கிவிடுவான்.

இன்னொன்று, இத்தனை நாள் சொல்லாதது. உனக்கு எட்டு வயசு. சித்திரைக் கொடையில் என் குடத்துப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். நான் ஒரு கையில் காசும் மறு கையில் பாளை மட்டையுமாக அடித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணாவி மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் நீ பெருங்குரலில் "ஆமா" என்றாய். பந்தலே சிரித்தது. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. மட்டையைக் கீழே வைத்துவிட்டு உன் தலையில் குட்டினேன். நீ அழாமல் எழுந்து அம்மை பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாய்.

விடிந்து டீ குடிக்கும்போது அண்ணாவி சொன்னார்: "விடும்வே, பய சரியான எடத்துலதான் போட்டான். தூங்கினவனெல்லாம் எந்திரிச்சான்லா."

அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மை நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு அனுப்புகிறாள். கூட இருக்கிற பையன்களுக்கும் கொடு.

அப்பா